கோல் கம்பத்தருகே உட்கார்ந்துவிட்ட பிரேக் டாக்டர்

மேடையில் வீற்றிருக்கும் விளையாட்டுச் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த நம் டாக்டரின் கணவர் அவர்களே! வியர்வைகூடக் காயாமல் பயிற்சியிலிருந்து நேரே வந்திருக்கும் வீராங்கனைகளே, வீரர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பேசத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்கும் இந்த உள்ளரங்கத்துக்கும் அலைந்து அலைந்து உடம்பு ஓய்ந்துவிட்டது. நான் இயன்முறை மருத்துவன். ஊரார் காலைப் பிடித்துப் பிழைப்பவன். தப்பாக நினைக்காதீர்கள், தொழிலைச் சொன்னேன். இந்த மாதிரிப் பேசினால் டாக்டர்தான் முதலில் சிரிப்பார். இன்று அந்தச் சிரிப்பும் இல்லை.

அவருக்கு எத்தனையோ பட்டங்கள். ஆனால் மைதானம் கொடுத்த பட்டம் ஒன்றே ஒன்று: பிரேக் டாக்டர்! ஓடுகிறவர்களை நிறுத்துகிறவர். யாருக்குப் பிடிக்கும் அப்படிப்பட்டவரை?

தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை அந்தக் காலத்தில் எப்படிச் சோதிப்போம்? "உன் பேர் என்ன? இன்னைக்கு என்ன கிழமை?" அவ்வளவுதான். மூளை கலங்கிப்போனவர்கூடக் கிழமையைச் சொல்லிவிட்டு ஆடப் போய்விடுவார். டாக்டர் அதை ஏற்கவில்லை. விளையாட்டுப் பருவம் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரையும் கண்ணை மூடி, ஒற்றைக் காலில், தடித்த ஸ்பாஞ்சின் மேல் நிற்கவைத்தார். எண்களைத் தலைகீழாகச் சொல்லவைத்தார். அடிபட்ட பிறகு அதையே மறுபடி செய்யவைத்தார். "அவளை அடுத்தவளோட ஒப்பிடாதீங்க. நல்லா இருந்தப்ப அவ எப்படி நின்னாளோ, அதோட ஒப்பிடுங்க" என்பார். இதுதான் அவருடைய ஆராய்ச்சி. "ஸ்பாஞ்சை வெச்சு ஆராய்ச்சியா!" என்று கருத்தரங்குகளில் சிரித்தார்கள். சிரித்த வாய்கள் மூடப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த இறுதி ஆட்டத்தைச் சொல்லாமல் எப்படி இறங்குவேன்? நம் பெண்கள் கால்பந்து அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. பந்தைத் தடுக்கப் பாய்ந்த நம் கோல்கீப்பரின் தலை கம்பத்தில் மோதியது. எழுந்தாள், கையை உயர்த்தினாள், கூட்டம் ஆர்ப்பரித்தது. டாக்டர் ஸ்பாஞ்சோடு ஓடினார். அதன்மேல் நின்றதுமே அந்தப் பெண் காற்றில் ஆடும் கொடிபோலத் தள்ளாடினாள்.

பயிற்சியாளர் கத்தினார்: "டாக்டர், முடியப் போற நேரம். விடுங்க!"

"இன்னொரு அடி விழுந்தா?"

"விழலேன்னா?"

"விழலேன்னா என்னைத் திட்டுங்க."

அன்றைய விதிப்படி முடிவு பயிற்சியாளர் கையில். ஆட்டத்தைத் தொடர நடுவர் விசிலை வாயில் வைத்தார். அப்போது நம் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? நடந்துபோய்க் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், புல்தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்! தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. ஒன்று தோளில் பட்டது. அவர் அசையவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே அழுதுகொண்டு வெளியேறினாள். மாற்று ஆள் இறங்கினாள். மிச்ச நேரத்தில் இரண்டு கோல் வாங்கி நாம் தோற்றோம்.

அன்று மாலை திரும்பும் பேருந்தில் அந்தப் பெண் வாந்தி எடுத்தாள். பல வாரங்கள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் திரை போட்ட அறையில் கிடந்தாள். நாட்டு அணித் தேர்வு அவளில்லாமலே முடிந்தது. பார்க்கப்போன டாக்டரிடம், என் காது கேட்கச் சொன்னாள்: "என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்க."

"கெடுத்தது நானாவே இருக்கட்டும்மா. நீ நல்லா இருந்து என்னைத் திட்டு."

இரண்டாம் அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடித்துச் சொல்ல யாரால் முடியும்? நண்பர்களே, இந்த வேலையின் அலுப்பே இதுதான். நடக்காமல் தடுத்த ஆபத்துக்குச் சாட்சி கிடையாது. தோற்ற ஆட்டத்துக்கோ ஊரே சாட்சி! அந்த அலுப்போடுதான் அவர் தினமும் மைதானத்துக்கு வந்தார். நோய் மூச்சைப் பிடித்த பிறகும், கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடைசியாகக் கண் விழித்தபோதுகூட, "மழை வர்ற மாதிரி இருக்கு, ஸ்பாஞ்சை உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றுதான் தன் கணவரிடம் சொன்னார்.

அந்தக் கோல்கீப்பர் இன்று சிறுமிகளுக்குப் பயிற்சி தருகிறார். அதோ, கதவோரம் நிற்கிறார். உள்ளே வரும்போது என்னிடம் சொன்னார்: "அண்ணா, எனக்கு இன்னும் கோபம் முழுசா தீரல. ஆனா போன வாரம் என் பசங்கள்ல ஒருத்திக்கு அடிபட்டதும், நான்தான் முதல்ல வெளிய கூப்பிட்டேன்." இதைவிட என்ன அஞ்சலி வேண்டும்?

வேண்டும்! ஒன்று வேண்டும். அன்று கத்திய பயிற்சியாளர்தான் இன்று நம் சங்கத் தலைவர். ஐயா, தலையில் அடிபட்டவரை மருத்துவர் வெளியே வா என்றால் அதுவே முடிவு என்ற விதியைக் கேட்டு டாக்டர் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். நானும் பேசினேன். நா வறண்டுவிட்டது ஐயா. இன்று இரங்கல் தீர்மானம் படிக்கப்போகிறீர்கள். அதோடு இதையும் சேர்த்துப் படிப்பீர்களா?

தலையாட்டுகிறார். தலையாட்டினால் போதாது ஐயா, ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் தருகிறேன்...

"படிக்கிறேன்."

கேட்டீர்களா? எல்லோரும் கேட்டீர்களா? போதும். விளையாட்டுப் பருவத்துக்கு முந்தைய ஸ்பாஞ்ச் சோதனை பாதியில் நிற்கிறது. மீதிப் பிள்ளைகள் காலையில் வாருங்கள். எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்திருப்பேன்.