ஒன்பது கொடிகள் பாக்கி

திராட்சைக் கொடியை மண்ணுக்குள் படுக்கவைக்க அவசரப்படக் கூடாது. இலை முழுக்க உதிர்ந்திருக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் மொட்டு அழுகிவிடும். குளிர் இறுகிவிட்டால் வளைக்கும்போது தண்டு ஒடிந்துவிடும். நடுவில் இருபது நாள் கிடைக்கும். அதற்குள் கட்டை அவிழ்த்து, கவாத்து செய்து, பள்ளத்தில் சாய்த்து, சருகு போட்டு, மேலே மண் தள்ள வேண்டும். எங்கள் மலையில் மூடாமல் விட்ட கொடி வசந்தத்தைப் பார்க்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா. இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

ஹெஷ்மத் கானின் வீட்டுத் தோட்டத்தில் இருபத்தாறு கொடிகள். அவை போக நான்கு சீமைமாதுளை, இரண்டு அக்ரூட், சுவரோரம் ஒரு அத்தி. கிராமத்துக்கு மேலே அதுதான் கடைசி வீடு. தண்ணீர் முறை வைப்பதில் ஊரோடு மனத்தாங்கல், அதனால் யாரும் ஏறி வர மாட்டார்கள். பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தேன். கோடையில் மண்வெட்டி வைக்கிற அறையில் படுப்பேன். குளிர்காலத்தில் மட்டும் என்னை உள்ளே கூப்பிடுவார். அடுப்பு ஒன்றுதான், இரண்டு இடத்தில் எண்ணெய் எரிக்க வேண்டாம் என்பார். நான்கு மாதம் ஒரே விரிப்பில் சாப்பிடுவோம். அவர் ரேடியோ கேட்பார். நான் அக்ரூட் உடைத்துப் பருப்பை அவர் பக்கம் தள்ளுவேன். பெரிய பேச்சு எதுவும் இருக்காது. "உப்பு" என்பார், கொடுப்பேன். எனக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த நான்கு மாதத்தை வைத்துத்தான் மிச்ச எட்டு மாதத்தை ஓட்டினேன்.

போன வருடம் இலை பழுக்கத் தொடங்கியபோது, மகள் மஹ்லகா அவரைத் தெற்கே அஹ்வாஸில் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். அங்கே குளிர் கிடையாது. அவருக்கு முழங்கால் போய்விட்டிருந்தது, நெஞ்சும் சரியில்லை.

"போறேன் நூரல்லா," என்றார். "இன்னொரு குளிரை இந்த நெஞ்சு தாங்காது. ஆனா கொடியெல்லாம் படுத்ததைக் கண்ணால பாத்துட்டுத்தான் கிளம்புவேன். கடைசிக் கொடிக்கு மண்ணு விழுந்த அன்னைக்கே அவளை வண்டி கொண்டாரச் சொல்லு."

"நான், கான்?"

"உனக்கென்ன? இங்கயே இரு. அடுப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு, ராஜா மாதிரி இரு."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

நான் வேலையைத் தொடங்கினேன். அக்ரூட்டை அடித்து உதிர்த்தேன். அத்திக்கு வைக்கோல் சுற்றிச் சாக்குக் கட்டினேன். பழுக்காத தக்காளியை ஊறுகாய் போட்டேன். பதினேழு கொடிகளைப் படுக்கவைத்தேன். பிறகு, ஒரு நாள் இரண்டை மூடினால் மறுநாள் இரண்டைத் திறந்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் கண்ணுக்கு மண்மேடு தெரியும், எண்ணிக்கை தெரியாது.

"எத்தனை பாக்கி?"

"ஒன்பது."

"முந்தாநாளும் ஒன்பதுன்னுதானேடா சொன்ன?"

"மண்ணு ஈரம், கான். ரெண்டைத் திரும்பக் கிளறி எடுத்தேன். மொட்டு அழுகிடும்."

"சருகு சுமக்கிற கழுதை கூட உன்னைவிடச் சுறுசுறுப்பு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மண் ஈரமாக இல்லை.

ஊருக்கு ஒரே டெலிபோன் கர்பலாயி சஃபரின் மளிகைக் கடையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மஹ்லகா கூப்பிடுவாள். அவரால் சரிவில் இறங்க முடியாது. நான் போய்க் கேட்டு வந்து சொல்வேன். பல வருடமாக, அவள் சொன்னதை அப்படியே அவரிடமும், அவர் சொன்னதை அப்படியே அவளிடமும் சொல்லி வந்தவன் நான்.

"அமூ, அப்பா எப்பக் கிளம்புறாராம்?" என்றாள். சித்தப்பா முறை வைத்து என்னை அமூ என்பாள்.

"வர மாட்டேங்கிறாரும்மா."

"சரின்னு சொன்னாரே?"

"உன் வீட்டுக்காரர் தோட்டத்தை வித்துடுவாருன்னு பயப்படுறாரு. நீ வந்தாலும் கதவைத் திறக்க மாட்டாராம்."

"அப்பாவா அப்படிச் சொன்னாரு?"

சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்த கர்பலாயி, "அந்தக் கிழவனா? அஸ்ராயீலே உயிரெடுக்க வந்தாலும், கொடி மூடலை, நாளைக்கு வான்னு திருப்பி அனுப்புவான்," என்றார். கடையே சிரித்தது.

மேலே வந்தேன். "என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"வேலை அதிகமாம். குளிர் போய் நவ்ரோஸ் கழியட்டும்னா."

ஜன்னல் வழியே மண்மேட்டைப் பார்த்தார். "நாம தாமதம் பண்றோம்னு கோவம் போல. முடிச்சுட்டா வந்துடுவா," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது மழையும் பனியுமாக அடித்தது. அவர் பள்ளத்துக்குள் மண்டியிட்டபடி இருந்தார். கையாலேயே ஐந்து கொடிகளை மூடியிருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. "நாலுதான் பாக்கி," என்றார். பல் அடித்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தேன்.

மறுநாள் காய்ச்சல். கீழூர் சுகாதார ஊழியரை நான்தான் அழைத்து வந்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊழியர் கானின் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். "இன்னைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. சாயங்கால பஸ்ஸை விட்டுடாதீங்க. பனி விழுந்தா கணவாய் மூடிடும்," என்றார். சரி என்றேன்.

ஊழியர் போனதும் ஹெஷ்மத் கான் என்னைக் கூப்பிட்டார். "அவளுக்குப் போன் போடு. எப்படியாவது வரச் சொல்லு. கொடியைப் பத்திக் கேட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிடு."

கடைக்குப் போனேன். அரைக் கிலோ சர்க்கரை வாங்கினேன். கர்பலாயியின் இடுப்பு வலியை விசாரித்தேன். டெலிபோனைத் தொடவில்லை. திரும்பி வந்து, "சொன்னேன். பாக்கலாம்னா," என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பஸ் கிளம்பும் சத்தம் கீழே வளைவில் கேட்டது. இருட்டுவதற்குள் பனி தொடங்கிவிட்டது.

வர மாட்டேன் என்றவர் எதற்குப் பை கட்டிவைத்தார் என்று மஹ்லகா கேட்டதால்தான் நீங்கள் என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கட்டிலுக்கு அடியில் அவள் கண்டெடுத்த பை. இரண்டு சட்டை, பேத்திக்குக் கம்பளிக் காலுறை, ஒரு பாட்டில் திராட்சைப் பாகு. அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். எடுத்து ஒளித்திருக்கலாம். ஆனால் தினமும் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். காணவில்லை என்றால் மனசு நொந்துபோவார். அப்படிச் செய்கிற ஆள் நான் இல்லை.

மிச்ச நான்கு கொடிகளை நான் மூடவே இல்லை. அவை செத்துவிட்டன. அதில் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

அவரை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டேன். இருமலுக்கு டர்னிப் வேகவைத்து ஊட்டினேன். அடுப்பை அணையவிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். "மஹ்லகா," என்றார்.

"வந்துட்டேம்பா," என்றேன்.

பிடி இறுகியது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அஹ்வாஸுக்குப் போயிருந்தால் இப்படி நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாரா, நீங்களே சொல்லுங்கள். பதினோரு வருடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள், இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கடைசியில் அவர் என்னைத்தான் தேடினார்.