என்னைய நடக்க வச்சவனுக்கு

...நாலாவதா பாத்த மெக்கானிக்கு என்ன பண்ணுனான் தெரியுமா பாய், வண்டிக்குள்ள எரியுற அந்த மஞ்ச லைட்டு மேல கறுப்பு டேப்பக் கிழிச்சு ஒட்டிட்டு, இப்பப் பாருங்கய்யா, சரியாயிருச்சுங்கான். சரியாயிருச்சாம். நான் கேட்டேன், ஏலே, இதத்தானடா முப்பது வருசமா கம்பெனிக்காரன் எனக்குப் பண்ணுனான். தொழிலாளி கையத் தூக்கி ஒரு குறை சொன்னா, குறையத் தீக்க மாட்டான், தூக்குன கையத்தான் இறக்கச் சொல்வான். எஞ்சின் ஒரு தொழிலாளிடா. அது கையத் தூக்குது, நீ டேப்ப ஒட்டுறியேன்னேன்.

உக்காருங்க பாய், அந்த டயரு மேல உக்காரலாம், நல்ல டயருதான். உங்க லோடு வேன் கிளச்சு இப்பத்திக்கு ஆகாது. பாண்டிமுருகன் என் வண்டிக்கு அடியில கெடக்கான், ரெண்டு காலு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு பாத்தீகள்ல. அந்தக் காலு வெளிய வர்ற வரைக்கும் நீங்களும் நானும் ஒண்ணுதான். பேரு பைசலுன்னா சொன்னீக? விருதுநகர் மொளகா வத்தல் மண்டி. நீங்க வேன விட்டு இறங்கும்போதே எனக்கு ரெண்டு தும்மல் வந்துச்சு.

தெரியுது, தெரியுது. அந்த ரெண்டு சீட்டு சிவப்புக் காரு யாருதுன்னு பாக்கீக. என்னுதுதான். தரையோட தரையாப் படுத்துக்கிட்டு, ஏறணும்னா உக்காந்து உருளணும், இறங்கணும்னா ஒரு ஆளு கையக் குடுக்கணும். ஜப்பான் வண்டி, வயசும் ஆச்சு. ஆனா ஆர்.சி. புக்குல நாகையான்னு என் பேருதான் போட்டிருக்கு. பட்டாசுத் தொழிலாளர் சங்கம், நாரணாபுரம் ரோட்டுல தகரக் கொட்டகை, அதுக்குச் செயலாளரா இருந்தவன். இப்ப நோட்டீஸ்ல முன்னாள்னு சேத்து அடிக்காக. அதச் சேக்கச் சொன்னது நான் இல்ல.

இன்னைக்கு நாலு மணிக்கு இந்த வண்டி ஒரு கேட்டுக்குள்ள போகணும் பாய். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மூடிக் கெடந்த கம்பெனியத் தெறக்காக. பழைய மொதலாளி மக ரோஷினி வந்து, ஐயா, எங்கப்பா வண்டி ஒரு தடவையாவது அந்தக் கேட்டுக்குள்ள வரணும், நீங்கதான் ஓட்டிட்டு வரணும்னு கேட்டுக்கிட்டுச்சு. வேலைக்காரங்க அம்புட்டுப் பேரும் ரெண்டு பக்கமும் நிப்பாக. நான் அந்தக் கேட்டுக்கு வெளியில உக்காந்தே கெழவனானவன். போலீஸ் வேன்ல ஏறிப் போயிருக்கேன், தூக்கிட்டும் போயிருக்காக. ஒரு தடவையாவது ஸ்டியரிங்கப் பிடிச்சு உள்ள போவோமேன்னு இருக்காதா? ஆசைன்னு எழுதிக்கங்க, எனக்கு வெக்கமில்ல.

இந்த எஞ்சின் படம் போட்ட லைட்டுதான் விட மாட்டேங்குது. எரியுறது மட்டுமா, இழுவையே இல்ல. பாலத்துல ஏறுனா சைக்கிள்ல போற ஆளு திரும்பிப் பாத்துட்டு முந்துறான். மொத ஆளு பெட்ரோல்ல தண்ணிங்கான். டாங்கிய வடிச்சுட்டு அவன் வண்டிக்கு ஊத்திக்கிட்டான். ரெண்டாவது ஆளு பிளக்க மாத்துனான். மூணாவது ஆளு மதுரையில இருந்து சென்சாரு வரவழைச்சு மாட்டுனான். அன்னைக்கு மட்டும் லைட்டு அணைஞ்சுச்சு, எனக்கு வடையும் டீயும் வாங்கிக் குடுத்தான், வீட்டு வாசல்ல போய் நிப்பாட்டுறேன், திரும்ப எரியுது. அந்த வடைய நெனச்சாத்தான் இப்பவும் வயித்தெரிச்சல். என் வீட்டுக்காரி முத்துமாரி என்ன சொன்னா தெரியுமா, வாழ்நாள் பூராம் மொதலாளியத் திட்டுனீக, அவரு வண்டி மட்டும் உங்களப் பாத்துச் சிரிக்கணுமான்னா.

எனக்கு எப்படி இந்த வண்டின்னு கேக்க நெனைக்கீக, கேக்கல. மரியாதை தெரிஞ்ச குடும்பம். நானே சொல்றேன்.

லாரி ஓடும்போது பொகைக் கொழாயில பொறி தெறிக்கும். ஊருக்குள்ள தெறிச்சா ஒண்ணுமில்ல. பட்டாசுக் கம்பெனிக்குள்ள தெறிச்சா, காலையில தூக்குவாளியோட போனவுக சாயங்காலம் திரும்ப மாட்டாக. அப்படிப் போனவுக பேரு எனக்கு மனப்பாடம். வேண்டாம், இன்னைக்கு நல்ல காரியம். அதனால உள்ள வர்ற வண்டி எதுவா இருந்தாலும் கொழாய் வாயில கம்பி வலை போட்டுருக்கணும். பொறி அதுல மோதி அணைஞ்சிரும். இது சட்டப் புஸ்தகத்துல இருந்துச்சு, கேட்டுலதான் இல்ல. கேட்டுக்குக் கொண்டாந்தது நாங்க. பந்தல் போட்டு உக்காந்தோம், கஞ்சி காச்சுனோம், அடியும் வாங்குனோம். தீபாவளி லோடு நின்னு போகவும், ஒவ்வொரு லாரியா வலை மாட்டிக்கிட்டு வந்துச்சு. தெக்க நின்ன லாரிக்காரங்க கூட கைதட்டுனாக.

அன்னைக்குத்தான் மொதலாளி இந்தச் சிவப்புக் காருல வந்தாரு. நான் முன்னாடி போய்ப் படுத்துட்டேன். சட்டம் லாரிக்கு மட்டுமா முதலாளின்னு கேட்டேன். அந்த ஆளு இறங்கி, என் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, மெதுவாச் சொன்னாரு: “நாகையா, இது லாரி இல்ல. இதுக்கு வலையப் போட்டா மூச்சு முட்டிரும்.”

எனக்கு அது போதாதா? எந்திரிச்சு மைக்கப் பிடிச்சேன். தோழர்களே, மொதலாளி காருக்கு மூச்சு முட்டுதாம், வெடிமருந்து அறைக்குள்ள நம்ம மூச்சு என்ன பாடு படுதுன்னு என்னைக்காவது கேட்டாரான்னேன். அப்படி ஒரு கைதட்டல் அதுக்கு முன்னயும் கேக்கல, பின்னயும் கேக்கல. மறுநாளே துண்டு நோட்டீஸ் போட்டோம். ‘மூச்சு முட்டும் முதலாளி கார்’. தலைப்பு நான் வச்சது. சிவகாசிப் பிரஸ்ல கம்போஸ் பண்ணுனவனே சிரிச்சிருக்கான்.

அந்த ஆளு அன்னைக்கே பாய், வண்டியப் பின்னுக்கு எடுத்து, கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில நிப்பாட்டிட்டு உள்ள நடந்து போனாரு. ஆபீஸ் எங்கன இருக்குன்னு நெனைக்கீக, கடைசியில. ஒரு அறை வெடிச்சா அடுத்த அறைக்குப் போகக் கூடாதுன்னு எடம் விட்டு எடம் விட்டுக் கட்டியிருப்பாக, நடுவுல வெறும் பொட்டல். ஒரு வாரம் நடப்பாரு, அப்புறம் வலையப் போட்டுருவாரு, இல்ல வேற வண்டி வாங்குவாருன்னு நாங்க பேசிக்கிட்டோம். வாங்கல. மாட்டல. சித்திரை வெயில்லயும் நடந்தாரு, ஐப்பசி மழையிலயும் நடந்தாரு. மொதல்ல பொம்பளையாள்க சிரிச்சாக. அப்புறம் சிரிக்கிறத விட்டுட்டாக. அதுக்கப்புறமும் நடந்தாரு. வீம்பு. பணக்காரன் வீம்பு. நல்லா வேணும்னு நானே கூட்டத்துல பேசியிருக்கேன்.

போன தையில செத்துப் போனாரு. பதினாறாம் நாளு முடிஞ்சு ரோஷினி என் வீட்டு வாசல்ல வந்து நிக்குது, கையில சாவி. அப்பா கடைசியாச் சொன்னது இதுதான்யாங்குது: “வண்டிய, என்னைய நடக்க வச்சவனுக்குக் குடுத்துரு.”

அது திட்டா, மரியாதையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. உங்களுக்கு வெளங்குதா?

சங்கத்துக்காரனுக சும்மா இருப்பானுகளா? நாகையா வெலை போயிட்டான்னு டீக்கடையில பேச்சு. அதுலயும் கோட்டைச்சாமி, நான் தூக்கி வளத்த பய, இப்ப பாதுகாப்புக் கமிட்டித் தலைவரு, தோழர் வண்டி சிவப்பா இருக்கதால கொள்கைக்குப் பாதகமில்லைன்னானாம். இன்னைக்குக் கேட்டுல வண்டிக்கு அடியில கண்ணாடிய வச்சு கொழாய் கொழாயாப் பாக்கப் போறவன் அவன்தான். கண்ணாடி பிடிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு, நான்.

என்ன பாண்டிமுருகா? எதத் தட்டுற? கொழாய்க் கடைசியிலயா? அது... அது அப்படித்தான் இருக்கும். நீ எஞ்சினப் பாரு.

ஒண்ணுமில்ல பாய், அவன் கெடக்கான். தகரப் பொட்டி மாதிரி என்னமோ இருக்காம், யாரு வெல்டிங்ல பத்த வச்சதுன்னு கேக்கான்.

நான்தான்ப்பா. நான்தான் வச்சேன். அதுக்கென்ன இப்ப?

பாய், நீங்களே சொல்லுங்க. சாவி கைக்கு வந்த அன்னைக்கே நான் நேரா வெல்டிங் பட்டறைக்குத்தான் போனேன். ஊருக்கெல்லாம் வலை போடச் சொன்னவன், தன் வண்டிக்குப் போடலைன்னு ஒரு பய பேசிறக் கூடாதுல்ல. பத்த வைக்கிறவன் லாரிக்கு ஒரு வலைதான்யான்னான். நான் சொன்னேன், லாரிக்கு ஒண்ணு, மொதலாளி வண்டிக்கு மூணு வைய்யின்னு. சல்லடை மாதிரி பொடிக் கண்ணு, நெருக்கமா. அது நியாயந்தான?

லைட்டு எப்ப வந்துச்சா? அது... அந்த வாரந்தான். அந்த வாரத்துல எம்புட்டோ நடந்துச்சு, மழை கூடப் பெஞ்சுச்சு.

நாலு மெக்கானிக்குட்டயும் சொல்லலதான். அவனுக கேக்கல, நான் சொல்லல. சென்சாரு மாத்துனவன் மட்டும் கொழாயில எதுவும் கை வச்சீகளான்னு கேட்டான். நான்... டீ ஆறுதுப்பான்னேன். அப்படிப் பாக்காதீக பாய். டேப்பு ஒட்டுனவன் வேற, நான் வேற.

சொன்னா என்ன சொல்லுவானுக? வலையால மூச்சு முட்டுதும்பானுக. அந்த ஆளு சொன்ன அதே வார்த்தை. மைக்குல நான் சிரிச்ச வார்த்தை. நோட்டீஸ் அடிச்ச வார்த்தை.

இந்தா, காலு வெளிய வந்திருச்சு. சொல்லுடா. மூணு வலையும் கரி பிடிச்சு அடைச்சுக் கெடக்கா... பொகை போக வழி இல்லாம எஞ்சின் தெணறுதா... சரி. சரிப்பா, மெதுவாச் சொல்லு, பாய் பயந்துறப் போறாரு. ரெண்ட எடுத்துட்டு ஒண்ண மட்டும் விட முடியாதா? அறுத்தா மொத்தமாத்தான் வருமா... கணக்கா ஒத்தை வலை வச்சுப் புதுசு செய்ய நாளைக்கு ஆகுமா... நாளைக்கு யாருப்பா எனக்காகக் கேட்டத் தெறக்கப் போறா?

அறு. பாத்துக்கிட்டு நிக்காத, அறு.

காதப் பொத்திக்கங்க பாய், கொஞ்சம் தள்ளிக்கங்க, பொறி பறக்கும். பாருங்க, இந்தப் பொறிக்குத்தான் இம்புட்டும்.

...கேட்டீகளா? அந்தச் சத்தத்தக் கேட்டீகளா? வண்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருந்த பழைய கோளாறுக் கோடெல்லாம் அழிச்சிட்டானாம், லைட்டும் அணைஞ்சிருச்சு. மூச்சு விடுது பாய். நல்லா விடுது.

ஒரு நிமிசம் இருங்க, ஒரு போன் போட்டுக்கிறேன். கோட்டைச்சாமி, நாந்தான். வண்டி ரெடி. வலை மட்டும் நாளைக்குத்தான் வருமாம்... மருந்து இன்னும் உள்ள எறக்கலைல்ல, வெறும் கட்டடந்தான... ஒரே ஒரு தடவ, கேட்டுல இருந்து ஆபீஸ் வரைக்கும். ம். ம். சரிப்பா. சரி.

வச்சுட்டான். “சட்டம் லாரிக்கு மட்டுமா தோழர்?”ங்கான். எனக்குக் கோவம் வரணும்ல? வரல பாய். நெஞ்சு நெறைஞ்சு போச்சு, அந்தக் கண்ணாடிய அவன் கையில இருந்து பிடுங்கி எறியணும்னும் இருக்கு. ரெண்டும் இருக்கு.

மணி என்ன? கெளம்புறேன். கொஞ்சம் கையக் குடுங்க, இதுல ஏறணும்னா ஆளு வேணும். கேட்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போவேன், அது யாரும் தடுக்க முடியாது. அந்த வேப்பமரம் இன்னும் நிக்குது. அங்கன நிப்பாட்டிட்டு, உள்ள நடந்துதான் போகணும். அம்புட்டுப் பேரும் ரெண்டு பக்கமும் நிப்பாக. முன்ன நின்ன பொம்பளையாள்கள்ல சில பேரு இருப்பாக. சிரிப்பாகளோ என்னமோ.

வெயிலும் இன்னும் தாழல.

வேன்ல கொடை இருக்கா? இருக்குன்னா... இல்ல, எடுக்காதீக பாய். உள்ளயே இருக்கட்டும். அந்த ஆளு ஒரு நாளும் கொடை பிடிக்கல.