பவளக்காலியும் பச்சைக்காலியும்

விஜயகுமாரி: துடுப்பு போடறது நான் ஒருத்தி மட்டுந்தானுங்களா?

சசிகுமார்: செத்த இரு அம்மிணி. ஆட்டாத. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.

விஜயகுமாரி: நான் ஆட்டலீங்க. கடல் ஆட்டுது.

சசிகுமார்: கம்முனு இரு... அந்த மணல் திட்டு மேல ஒத்தையா நிக்குது பாரு. மூக்கு எத்தன நீளம்.

விஜயகுமாரி: எங்கீங்க? வெறும் மணல்தான் தெரியுது.

சசிகுமார்: ஒரு கொப்பு கெடக்குதல்ல, அதுக்கு இக்கட்டால. தலையத் திருப்புது பாரு.

விஜயகுமாரி: ஆமாங்க... கல்லுன்னு நெனச்சேன். என்னங்க அது?

சசிகுமார்: குதிரைமலைக்கோட்டான். மூக்கு கீழ்முகமா வளஞ்சிருக்குதில்ல? எடுத்தாச்சு. நோட்டுல ஒண்ணுன்னு போட்டுக்க.

விஜயகுமாரி: துடுப்பும் நானே, நோட்டும் நானே. முன்னாடி ஒக்கார வெச்சு நல்லா வேல வாங்கறீங்க.

சசிகுமார்: ரெண்டு பேர் போற இந்தக் கயாக் படகுல முன்னாடி இருக்கறவங்கதான் வேகத்துக்குத் துடுப்பு போடோணுமாமா. பின்னாடி இருக்கறவன் திருப்பறதுக்கு மட்டும். ராக்கையாண்ணன் சொன்னாரு.

விஜயகுமாரி: அவரயே காணமே?

சசிகுமார்: தீவுக்கு அந்தப் பக்கம் எண்ணப் போயிருக்காரு. வருவாரு.

விஜயகுமாரி: நம்ம சரக்க கப்பல்ல ஏத்திவுடற மனுசன் ஞாயித்துக்கெழமையானா குருவி எண்ணறாரு. அவரு கூப்புட்டாருன்னு முதலிபாளையத்துச் சாயப்பட்டறைல இருந்து நாம ரெண்டு பேரும் தூத்துக்குடிக் கடலுக்கு வந்துட்டோம். எங்கூட்ல சொன்னா சிரிப்பாங்க.

சசிகுமார்: என்ன சொல்லீட்டு வந்த?

விஜயகுமாரி: திருச்செந்தூர் கோயலுக்குப் போறோம், புள்ள பிரியாவ ரெண்டு நா வெச்சுக்கங்கன்னு.

சசிகுமார்: பொய்யா?

விஜயகுமாரி: சாயங்காலம் போயிட்டா பொய்யில்லீங்களே.

சசிகுமார்: சரி, போயிரலாம்... அங்க பாரு, தண்ணி ஓரமா அஞ்சு. நெட்டக் காலு. வெயிலு எதுக்கால அடிக்குது, மூக்கு சரியாத் தெரியல...

விஜயகுமாரி: காலு செவப்புங்க.

சசிகுமார்: ம்... பவளக்காலி, அஞ்சு.

விஜயகுமாரி: அக்கட்டால தனியா நிக்கறதுக்குப் பச்சைக் காலுங்க.

சசிகுமார்: அது பச்சைக்காலி. நான் கேக்கவே இல்லியே?

விஜயகுமாரி: சும்மா சொன்னேனுங்க.

ராக்கையா: அண்ணே, நில்லுங்க, வாரேன். எம்புட்டு ஆச்சு?

சசிகுமார்: வாங்கண்ணே. நோட்டு அம்மிணிகிட்ட இருக்குதுங்க.

ராக்கையா: குடுங்கக்கா... ஆலா, கோட்டான், உள்ளான்... எல்லாம் சரி. தெக்குமுனைத் திட்டுல பச்சைக்காலி முப்பத்தேழுன்னு எழுதியிருக்கிய. நான் இப்பம் அந்த வழியாத்தான் வாரேன். பூராவும் பவளக்காலிதான நிக்கி.

சசிகுமார்: அது வந்து... வெயிலு...

ராக்கையா: கால் செவசெவன்னு இருக்கே அண்ணே. உங்க கண்ணுக்கா தப்பும்? உங்க போட்டோவ எல்லாம் பாத்துட்டுத்தான உங்களக் கூப்புட்டேன்.

விஜயகுமாரி: அவரு சரியாத்தானுங்க சொன்னாரு. நாந்தான் மாத்தி எழுதிப்போட்டேன்.

ராக்கையா: அப்படிச் சொல்லுங்க. அதுக்கென்னக்கா, திருத்திருவோம். இந்தக் கணக்கு பெரிய எடத்துக்குப் போவுது, அதான் கேட்டேன். இந்தாங்க நோட்டு. இங்கன தண்ணி வத்திக் கெடக்கு. படகு தரைதட்டிச்சுன்னா எறங்கித் தள்ளாதிய. சேறு முழங்காலுக்கு மேல இழுக்கும். பேசாம உக்காந்திருங்க, அரை மணியில தண்ணி தன்னால ஏறும். நான் வடக்க எண்ணிட்டு வாரேன்.

விஜயகுமாரி: சரிங்கண்ணா.

சசிகுமார்: மெதுவாப் போடு அம்மிணி.

விஜயகுமாரி: ஏனுங்க, துடுப்பு மணல்ல இடிக்குது.

சசிகுமார்: நின்னுபோச்சு. அவரு சொன்ன எடம் இதேதான்.

விஜயகுமாரி: அப்பச் செத்த கை ஓயட்டும்.

சசிகுமார்: விஜி.

விஜயகுமாரி: சொல்லுங்க.

சசிகுமார்: அந்த முப்பத்தேழு என்ற எழுத்து. மொதல்ல அந்தப் பக்கம் போனப்ப நீ தலசுத்துதுன்னு கண்ண மூடிட்டுக் குனிஞ்சிருந்த. நாந்தான் நோட்ட வாங்கி எழுதுனேன்.

விஜயகுமாரி: அப்படிங்களா. மறந்துட்டேன்.

சசிகுமார்: ஏன் உன்றமேல போட்டுக்கிட்ட?

விஜயகுமாரி: ஒரு குருவிக்கு இத்தன விசாரணைங்களா?

சசிகுமார்: இக்கட்டாலத் திரும்பிச் சொல்லு.

விஜயகுமாரி: திரும்புனா கவுந்துரும்னு ராக்கையாண்ணா சொன்னாருங்க.

சசிகுமார்: தரைதட்டி நிக்கறது எங்க கவுறும்... சரி, திரும்ப வேண்டாம். அதுவும் நல்லதுதான். உன்ற மொகத்தப் பாத்தா எனக்குப் பேச்சு வராது.

விஜயகுமாரி: சரி, திரும்பலீங்க.

சசிகுமார்: எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். ரெண்டும் ஒரு மாதிரி... மண்ணுக் கலரு.

விஜயகுமாரி: ம்.

சசிகுமார்: ம்முன்னா?

விஜயகுமாரி: கேட்டுட்டிருக்கறேனுங்க. சொல்லுங்க.

சசிகுமார்: இருபது வயசுல ரயில்வேக்குப் போனேன். பரீட்ச பாஸு. டாக்டரு ஒரு புஸ்தகத்துல புள்ளிபுள்ளியாக் காட்டி, உள்ள என்ன நம்பரு தெரியுதுன்னாரு. எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது. ஊட்டுக்கு வந்து, எடம் தீந்துபோச்சாமான்னு சொல்லீட்டேன். அப்புறம் பட்டறைல துணி செமந்தேன், மிசின் பாத்தேன். ஒருநா கலர் ஷேடு பாக்கற மேஸ்திரி வேலைய வுட்டு நின்னுட்டாரு. மொதலாளி என்னையக் கொண்டுபோயி அந்த எடத்துல நிறுத்திட்டாரு. தெரியாதுங்கன்னு சொல்ல வாய் வரல.

விஜயகுமாரி: பதினோரு வருசமாச்சுங்க.

சசிகுமார்: பதினோரு வருசம். சாயக் கணக்க மனப்பாடம் பண்ணுவேன். கருக்கலா இருக்குதா, வெளுப்பா இருக்குதான்னா என்னைய மிஞ்ச ஆளில்ல. மத்ததுக்கெல்லாம் பக்கத்துல இருக்கறவன, உனக்கு எப்புடிடா தெரியுதுன்னு கேப்பேன். பெரிய மேஸ்திரி நமக்குப் பரீட்ச வெக்கறாருன்னு அவனும் பயந்து பயந்து சொல்லுவான்.

விஜயகுமாரி: எங்க லேபுல இருந்து வர்ற சாம்பிள் அட்டை மூலையில பென்சில்ல எழுதியிருக்குமுங்களே. செவப்பு தூக்கலா இருக்குது, பச்ச வாட்டம் அடிக்குதுன்னு.

சசிகுமார்: இருக்கும். உன்ற எழுத்து. வேல சுத்தமாச் செய்யற புள்ளன்னு நெனச்சுக்குவேன்.

விஜயகுமாரி: வேற எந்த மேஸ்திரிக்கும் நான் எழுதுனதில்லீங்க.

சசிகுமார்: ...எப்ப இருந்து தெரியும்?

விஜயகுமாரி: கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து. பாட்டில் கிரீன் டீசர்ட்டுக்குக் கழுத்துப்பட்டித் துணிய காப்பிக்கலர்ல எடுத்துக் குடுத்தீங்களே. நானூறு கிலோ.

சசிகுமார்: லேபுல அட்டை மாறிப்போச்சுன்னு சொல்லி நீ மெமோ வாங்குன.

விஜயகுமாரி: வாங்குனேன்.

சசிகுமார்: அந்த மெமோவுக்குத்தான் உங்கூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தேன்.

விஜயகுமாரி: தெரியுமுங்க. நன்றிக்கு ஒரு தாலியான்னு நானும் ரெண்டு நா யோசிச்சேன்.

சசிகுமார்: மொதல்ல நன்றிதான், பொய் சொல்லல. அப்புறம் அது மட்டுமில்ல.

விஜயகுமாரி: அப்புறம் என்னங்க?

சசிகுமார்: கடல்ல வெச்சுக் கேக்கற கேள்வியா இது?

விஜயகுமாரி: வேற எங்க கேக்கறதுங்க? ஊட்டுல உங்களுக்கு நேரம் ஏது?

சசிகுமார்: பேச்ச மாத்தாத. ஒரு தப்ப வெச்சு எப்புடிக் கண்டுபுடிச்ச? எத்தனையோ பேரு தப்பு பண்றாங்க.

விஜயகுமாரி: எங்கய்யனும் அப்படித்தானுங்க.

சசிகுமார்: மாமனா?

விஜயகுமாரி: மூலனூர்ல எங்க காட்டச் சுத்தித் தக்காளி போட்டப்ப அவரு மட்டும் ஏன் முருங்கை வெச்சாருன்னு நெனக்கறீங்க? தக்காளின்னா பழமா காயான்னு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்கோணும். முருங்கைக்குக் கலர் பாக்க வேண்டியதில்ல. ஆராச்சும் கலர் கேட்டா, தலையச் சாச்சுச் சிரிச்சுட்டே, நீ சொல்லு பாப்பம்பாரு. நீங்களும் அதே மாதிரி தலையச் சாச்சீங்க. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

சசிகுமார்: தெரிஞ்சும் இத்தன வருசம் கம்முனு இருந்தியே.

விஜயகுமாரி: எங்காத்தா ஒருக்கா சந்தைல நாலு பேரு முன்னாடி சொல்லிப்போட்டா. வெளையாட்டாத்தான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஆறு மாசம் எங்கய்யன் சந்தைப் பக்கமே போகலீங்க. எனக்கு அப்ப பன்னண்டு வயசு. நான் அந்த மாதிரி சொல்லிரக் கூடாதுன்னுதான்.

சசிகுமார்: நான் ஏன் குருவி பாக்கப் போறேன்னு தெரியுமா உனக்கு?

விஜயகுமாரி: ஊட்டுல வேல செய்யாம இருக்கறதுக்குன்னு நெனச்சேன்.

சசிகுமார்: நம்ம குளத்துக்கரைல ஒரு நா நின்னுட்டிருந்தேன். பறந்து போறதோட எறக்கைய வெச்சே ஒருத்தரு பேரு சொன்னாரு. அந்தத் தூரத்துல கலரே தெரியாது, எல்லாம் கருப்புத்தான். உருவம், நடை, மூக்கு, இத்தன இருந்தாப் போதும்னாரு. எனக்கு அன்னிக்குத்தான்... எல்லார்த்துக்கும் என்ன தெரியுதோ அது எனக்கும் தெரியுதுன்னு இருந்துது.

விஜயகுமாரி: அவங்களுக்குத் தெரியாததும் உங்களுக்குத் தெரியுதுங்க. மணலோட மணலா நின்ன கோட்டானத் தெளிவாக் காட்டுனது ஆரு?

சசிகுமார்: ...இன்னொண்ணும் சொல்லோணும்.

விஜயகுமாரி: தெரியுமுங்க. துணி வாங்கற பையர் ஆபீசுல இருந்து கண்ணு டெஸ்ட் வெக்க வர்றாங்க, வர்ற வெள்ளிக்கெழம. லேபுல பேசிக்கிட்டாங்க. அத நெனச்சுத்தான் எனக்கு ரெண்டு வாரமாத் தூக்கமில்ல.

சசிகுமார்: வெள்ளிக்கெழம லேபுக்கு. மேஸ்திரிகளுக்கு முடிஞ்சுபோச்சு. போன புதங்கெழம.

விஜயகுமாரி: என்னங்க சொல்றீங்க?

சசிகுமார்: சின்னச் சின்ன மூடி. எம்பது தொண்ணூறு இருக்கும். கலர் வரிசையா அடுக்கோணும். பக்கத்துல இருந்தவன் மளமளன்னு அடுக்கறான். நான் ஒண்ணுகூடத் தொடல. எந்திருச்சு நேரா குமாரசாமி மொதலாளி ரூமுக்குப் போயி, எனக்குக் கலர் தெரியாதுங்கன்னு சொல்லீட்டேன்.

விஜயகுமாரி: நாலு நாளு. சோறு தின்னீங்க, டிவி பாத்தீங்க, எங்கூடவே பஸ்ஸேறி வந்தீங்க. ஒரு வார்த்த சொல்லல.

சசிகுமார்: மொதலாளிகிட்டச் சொல்லீட்டேன். உங்கிட்டச் சொல்லத்தான் தகிரியம் வரல.

விஜயகுமாரி: என்ன சொன்னாருங்க?

சசிகுமார்: செத்த நேரம் பேப்பர் வெயிட்டச் சுத்திட்டே இருந்தாரு. அப்புறம், பதினோரு வருசத்துல உன்ற தப்புன்னு ஒரு லாட்டுகூடத் திரும்பி வரலியே, எப்புடிப்பான்னாரு. அடுத்தவங்க கண்ண வாங்கித்தான் பாத்தேனுங்க, அதுல முக்காவாசி என்ற சம்சாரத்துதுன்னேன்.

விஜயகுமாரி: அப்ப எனக்கும் சேத்து வேல போச்சா?

சசிகுமார்: இல்ல. சிரிச்சுட்டாரு. இனிமே ஷேடு பக்கம் வராதன்னாரு. துணில ஊசிக்கோடு, ஓட்டை, கண்ணி வுட்டதெல்லாம் பத்தடி தள்ளி நின்னே சொல்லுவியே, அந்த செக்கிங்க நீ பாத்துக்கன்னாரு. நாளைல இருந்து அங்கதான். ஷேடு பாக்கற எடத்துக்கு உன்னையக் கேக்கப்போறாராமா.

விஜயகுமாரி: என்னையா?

சசிகுமார்: இத்தன நா பாத்தது நீதானே. பேரு மட்டுந்தான் என்றது... அழுவறியா?

விஜயகுமாரி: இல்லீங்க. மொதலாளி ஊட்டுக்கு ஒரு மூட்ட முருங்கக்கா குடுத்தனுப்போணும்னு யோசிச்சேன்.

சசிகுமார்: விஜி... இதுக்குத்தான் உன்னையக் கூட்டீட்டு வந்தேன். நன்றின்னு சொல்றதுக்கு எனக்கு மொகம் பாக்காத எடம் வேணும்.

விஜயகுமாரி: பொடனியப் பாத்துச் சொல்றீங்க.

சசிகுமார்: பொடனியப் பாத்துத்தான். அந்த மெமோவுக்கு, பென்சில்ல எழுதுனதுக்கு, இப்ப அந்த முப்பத்தேழுக்கு... எல்லாத்துக்கும்.

விஜயகுமாரி: கேட்டுக்கிட்டேனுங்க... அசையாதீங்க. அங்க பாருங்க, கூட்டமா நம்ம பக்கத்துலயே எறங்குது.

சசிகுமார்: மூச்சு வுடாத. எறக்கையோட பின்னோரம் வெள்ளப் பட்டை தெரியுதல்ல? பவளக்காலி. காலப் பாக்காமயே சொல்றேன்.

விஜயகுமாரி: செவப்புத்தானுங்க. சரியாச் சொல்லீட்டீங்க.

சசிகுமார்: நடுவுல ரெண்டு வேற. வெள்ள முதுகு வரைக்கும் ஏறிப் போகுது. மூக்கு நுனி மேல தூக்கியிருக்குது. பச்சைக்காலி.

விஜயகுமாரி: பச்சைதானுங்க. அப்ப நான் எதுக்கு?

சசிகுமார்: வெயிலு எதுக்கால அடிச்சா நீ வேணும். அடிக்கலீன்னாலும் நீ வேணும்.

விஜயகுமாரி: ...எத்தனன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.

சசிகுமார்: நாப்பத்தொண்ணும் ரெண்டும். போட்டோவும் ஆச்சு. ராக்கையாண்ணன் வந்ததும் அந்தத் தப்பு நான் எழுதுனதுன்னு சொல்லிர்றேன். ஏன்னும் சொல்லிர்றேன்.

விஜயகுமாரி: சொல்லுங்க... ஏனுங்க, படகு லேசாத் தூக்குது. தண்ணி ஏறுதுங்க.

சசிகுமார்: கெளம்பலாமா?

விஜயகுமாரி: செத்த இருங்க. நானும் ஒண்ணு சொல்லோணும். நானும் திரும்பாமயே சொல்றேன்.

சசிகுமார்: நீயுமா?

விஜயகுமாரி: நம்ம பிரியா. போன வருசம் படம் வரஞ்சப்ப மரத்து எலைக்கெல்லாம் காப்பிக்கலர் அடிச்சிருக்கறான்னு டீச்சர் என்னையக் கூப்புட்டுச் சொன்னாங்க. கோயமுத்தூர்ல சித்தி ஊட்டு விசேசம்னு உங்ககிட்டச் சொல்லீட்டு, கண்ணு டாக்டருகிட்டக் கூட்டீட்டுப் போனேன்.

சசிகுமார்: அவளுக்குமா...

விஜயகுமாரி: பொம்பளப் புள்ளைகளுக்கு வர்றது அபூர்வமாமா. அப்பனுக்கு இருந்து, அம்மா வழியிலயும் இருந்தாத்தான் வருமாமா. உங்களால வந்துதுன்னு நீங்க ஒடஞ்சுபோயிருவீங்கன்னு சொல்லலீங்க.

சசிகுமார்: புள்ள பயந்துட்டாளா?

விஜயகுமாரி: ஆஸ்பத்திரில அழுதா. பஸ்ஸுல வர்றப்ப, உங்கப்பாவுக்கும் இதேதான் கண்ணு, ஆருகிட்டயும் சொல்லாம வெச்சிருக்கறாருன்னேன். அழுகைய நிறுத்திட்டு ரொம்ப நேரம் சன்னல்ல பாத்துட்டே வந்தா. அவிநாசி தாண்டுனதும் என்ற கையப் புடிச்சுட்டு, "பாவம்மா, தனக்கு மட்டுந்தான் இப்படின்னு அப்பா நெனச்சுட்டிருப்பாரு... அவருக்குப் பயம் போற அன்னிக்குச் சொல்லும்மா, தொணைக்கு நானும் இருக்கறேன்னு"ன்னாளுங்க.