கரண்ட் கட் குழுவின் இரண்டு அட்டைப்பெட்டிகள்

என் பெயர் ரூத். வயது இருபத்து நான்கு. தகப்பனார் அமிர்தநாதன், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயமுத்தூர் புலியகுளத்தில் அவருடன் குடியிருந்து வருகிறேன். ஆர்.எஸ்.புரத்தில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் வரவேற்பு மேசையில் வேலை. இன்று 16.4.1997 புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொன்னதன் பேரில் ஆஜராகி, நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் என் நண்பர்கள் பீர் முகம்மது, சசிதர் ஆகியோரும் மூன்று வருடமாக 'கரண்ட் கட்' என்ற பெயரில் இசைக்குழு நடத்தி வருகிறோம். பாடுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பதும் நான். பீர் முகம்மது டிரம்ஸ் வாசிப்பார். கணபதியில் மோட்டார் பம்பு பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். சசிதர் கிட்டார்; பாட்டு எழுதுவதும் அவர்தான். அவருடைய தகப்பனார் நரசிம்மலு நூல் மில் வைத்திருப்பவர். எங்கள் இசை என்ன வகை என்று எழுதுகிற ஏட்டையா கேட்டார். போஸ்ட் பங்க் என்று சொன்னேன். தமிழில் சொல்லச் சொன்னார். அதற்குத் தமிழில் பெயர் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை, பக்திப் பாட்டும் இல்லை, மெட்டைவிட அடியும் இரைச்சலும் முன்னால் நிற்கும் என்று சொன்னேன். 'ஒரு வகை இசை' என்று எழுதிக்கொண்டார்.

எங்கள் முதல் ஆல்பத்தின் பெயர் 'மூணாம் ஷிப்ட்'. எட்டுப் பாட்டு. ஜனவரி, பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமைகளில், பக்திப் பாட்டு பதிவு செய்யும் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். ரசீது சசிதர் பெயரில் வாங்கினோம். அதன் பிறகு கிராஸ்கட் ரோட்டில் கேசட் கடை வைத்திருக்கும் கோமளா அக்காவிடம் நானூறு கேசட் பிரதி எடுக்கக் கொடுத்தோம். 13ஆம் தேதி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் சர்ச் ஹாலில் வெளியிடுவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்.

12ஆம் தேதி சனிக்கிழமை காலை நானும் பீர் முகம்மதும் கடையின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து கேசட் டப்பாக்களில் மேலட்டையைச் செருகிக்கொண்டிருந்தோம். பத்தரை மணி சுமாருக்குப் போலீஸாரும், பாட்டுக் கம்பெனிகளின் ஆட்கள் என்று சொன்ன இருவரும் திருட்டுக் கேசட் சோதனைக்கு வந்தார்கள். முன்பக்கம் இருந்த சினிமாக் கேசட்டுகளை எடுத்தார்கள். அவற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. அதன் பிறகு எங்களுடைய இரண்டு அட்டைப்பெட்டிகளையும் எடுத்தார்கள். கம்பெனி ஆள் ஒருவர், "இதுல கம்பெனி பேரு எங்கம்மா?" என்று கேட்டார். "கம்பெனி இல்லீங்க, நாங்களே போட்டது" என்றேன். "நீங்களே போட்டா அது டூப்ளிகேட்தானே" என்றார். கோமளா அக்கா, "ஏனுங்க, அது அந்தப் பிள்ளைங்க பாடுனதுங்க, அதை உட்டுப்போடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். கேட்கவில்லை. பெட்டிகளோடு நாங்களும் இந்த நிலையத்துக்கு வந்தோம்.

இங்கே எஸ்.ஐ. ஐயா ஒரு கேசட்டை டேப்ரெக்கார்டரில் போட்டார். முதல் பாட்டு ஒரு நிமிடம் ஓடியிருக்கும். டேப்ரெக்கார்டரின் தலையில் தட்டினார். அதன் பிறகு கேசட்டை வெளியே எடுத்துப் பென்சில் விட்டுச் சுற்றினார். "டேப்பு சிக்கியிருக்குதும்மா" என்றார். "சிக்கலீங்க சார், பாட்டே அப்படித்தானுங்க" என்றேன். மறுபடியும் போட்டார். சைக்கிள் காணாமல் போனதாகப் புகார் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி என்ற சோமனூர் அம்மாள், "இது எங்கூருத் தறிச் சத்தமாட்டவே இருக்குதுங்களே" என்று சொன்னார். அந்தப் பாட்டு சோமனூர்த் தறிக் கொட்டகையைப் பற்றியதுதான். மூன்று வருடத்தில் யாரும் சொல்லித் தராமல் அதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவரே. அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

அதன் பிறகு, மேலட்டையில் எங்கள் பெயர் இருப்பது போதாது, பாட்டு எங்களுடையது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். ரசீது சசிதரிடம் இருப்பதைச் சொன்னேன். நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போன் செய்தார்கள். பகல் ஒன்றரை மணிக்குச் சசிதரும் நரசிம்மலுவும் காரில் வந்தார்கள். சசிதர் புது வேட்டி சட்டை போட்டிருந்தார். அன்று மாலை பொள்ளாச்சியில் அவருக்குப் பெண் பார்க்கப் போக இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

நரசிம்மலு உட்காராமல் நின்றபடியே, "என்ற பையனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. ரசீதுன்னு ஊட்டுல ஒண்ணும் கிடையாதுங்க. நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல எங்களை இழுக்காதீங்க" என்றார். எஸ்.ஐ. ஐயா சசிதரைப் பார்த்து, "இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சசிதர் மேசைமேல் இருந்த எங்கள் கேசட்டைப் பார்த்துக்கொண்டு, "கேட்டதில்லீங்க" என்றார்.

பீர் முகம்மது எழுந்துவிட்டார். "டேய் சசி, என்னடா சொல்றே? நீ எழுதுன பாட்டுடா" என்றார். அவரை உட்கார வைத்து, பெயரையும் குடியிருக்கும் தெருவையும் மறுபடியும் கேட்டு எழுதினார்கள். அவற்றை அவர் வந்தவுடனேயே சொல்லியிருந்தார்.

அதன் பிறகு எஸ்.ஐ. ஐயா என்னிடம், "உன்ற பாட்டுன்னா பாடிக் காட்டும்மா" என்றார். மைக் இல்லாமல், பக்கவாத்தியம் இல்லாமல், பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் நின்றுகொண்டு பாடினேன்.

"நூலு அறுந்தாத் தறி நிக்குது,
ஆளு உழுந்தா நிக்கலே."

பீர் முகம்மது பெஞ்சு விளிம்பில் விரலால் தட்டினார். இரண்டாவது அடியில் வழக்கமாகச் சசிதரின் கிட்டார் வந்து சேரும். அந்த இடத்தில் நான் பழக்கத்தில் நிறுத்தினேன். சசிதர் தலை நிமிரவில்லை. நான் முழுப் பாட்டையும் பாடி முடித்தேன். எஸ்.ஐ. ஐயா, "கொரலு உன்றதுதான். மெட்டு யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

சசிதரின் இடது கை விரல் நுனிகளைப் பாருங்கள், கம்பி அழுத்திக் காய்த்துப் போயிருக்கும் என்று சொன்னேன். சசிதர் அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். எஸ்.ஐ. ஐயா அதைப் பார்த்தார். நரசிம்மலுவும் பார்த்தார். "நேரமாச்சுங்க, வாரோமுங்க" என்று சொல்லி அவர் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டிகளைப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது, இனி கோர்ட்டில்தான் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். ஐந்து மணிக்கு எங்களை அனுப்பினார்கள். போகிற வழியில் ஸ்டூடியோவுக்குப் போனோம். அதன் சொந்தக்காரர், யார் யாரோ வந்து பாடுகிறார்கள், போலீஸ் விவகாரத்தில் தன்னால் சாட்சி சொல்ல முடியாது என்று கூறிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். நானும் பீர் முகம்மதும் இரண்டு பேராகவே எட்டுப் பாட்டையும் வாசித்தோம். கிட்டார் வர வேண்டிய இடங்கள் காலியாக இருந்தன. முடிந்ததும் வந்தவர்கள் மேசைக்கு வந்து கேசட் கேட்டார்கள். இல்லை என்று அறுபது பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். சசிதர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே நிலையத்தில், வழக்கு முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

கேசட்டுகள் திருட்டுக் கேசட்டுகள் அல்ல. பாட்டு எழுதியவர் சசிதர். அவர் இல்லை என்று சொன்னாலும் எழுதியவர் அவர்தான். அவர் பெயரை மேலட்டையிலிருந்து எடுத்துவிட்டால் பெட்டிகளை விடுவிக்க வழி பார்க்கலாம் என்று நேற்று நரசிம்மலுவின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் சம்மதிக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. ஸ்டூடியோவில் பதிவு செய்த மூல நாடாவும் அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் இருக்கிறது. எங்களிடம் வேறு பிரதி ஒன்றுகூட இல்லை. இன்று உள்ளே வரும்போது பார்த்தேன். பெட்டிகளை மேற்குப் பக்கத்து ஜன்னலின் கீழே வைத்திருக்கிறார்கள். பிற்பகல் வெயில் நேராக அவற்றின் மேல் விழும். வெயில் பட்டால் நாடா இழுத்துக்கொள்ளும், பிறகு யார் பாடியது என்று எங்களாலேயே சொல்ல முடியாது. வழக்கு எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும், பெட்டிகளை நிழலில் தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை ஏட்டையா எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. உண்மை இதுவே.

(ஒப்பம்) அ. ரூத்