ஓரம் வெட்டிய பதிப்பு

அது 2006ஆ, 2007ஆ என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நீங்கள் கேட்பதால், நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பு இருந்தது. 1934இல் தாராபுரத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் தன் செலவில் அச்சிட்ட முதல் பதிப்பு. முடிவுகள் கசப்பாக இருப்பதாக வாங்கியவர்கள் குறைப்பட்டுக்கொள்ள, அடுத்த பதிப்பில் அவரே முடிவுகளை மாற்றினார். எழுதியவர் அதற்குள் இறந்திருந்தார். பின்னால் வந்த எல்லாப் பதிப்புகளும் மாற்றியதையே அச்சடித்தன. எழுதியவரின் முடிவுகள் என் பிரதியில் மட்டுமே மிஞ்சியிருந்தன. அப்படித்தான் நம்பினேன்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மேலாளர். ஒருநாள் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வங்கிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தையல்காரன் இசக்கிமுத்து சிரித்தபடி அதை நீட்டினான்.

“தாளெல்லாம் கழண்டு கெடந்துச்சு அண்ணாச்சி. கொஞ்சம் கொஞ்சமா ஓவர்லாக்ல குடுத்து இறுக்கிட்டேன்.”

ஓவர்லாக் மெஷின் தைக்கும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு பக்கத்திலும் வரிகளின் முனை எழுத்துகள் போயிருந்தன.

முதலாளி கந்தப்பன் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, பொஸ்தகத்துக்கும் ஓரம் அடிச்சாச்சுங்களா? லேபிள் வெக்க மறந்துட்டானாட்ட இருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் இசக்கிமுத்துவுக்கு நன்றி சொன்னேன். வெட்டுப்பட்ட காகித இழைகளைத் தேடிப் போனேன். வேஸ்ட் வண்டி புறப்பட்டிருந்தது.

மறுவாரம் அவனைத் துணி வெட்டும் கட்டிங்குக்கு மாற்றினேன். அங்கே சம்பளம் கூடுதல்.

“நெசமாவா அண்ணாச்சி? வீட்ல நதியாட்ட சொன்னா நம்பவே மாட்டா.”

கட்டிங் மெஷினில், துணியை அழுத்திப் பிடிக்கும் இடது கைக்கு இரும்பு வலைக் கையுறை போட வேண்டும். அவன் அதைக் கேட்டான்.

“புதுசு வருது கண்ணு. அதுவரைக்கும் மெதுவாப் பழகு” என்றேன்.

கையுறை என் டிராயரில், புத்தகத்தின்மேல் இருந்தது. இதைத் தண்டனை என்று நான் நினைக்கவில்லை. வெட்டுப்பட்டால் என்ன போகும் என்று அவனுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். சில நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் அலறியபோது மெஷினை நிறுத்தியது நான்தான். துண்டான விரல்களை ஐஸில் வைத்து அனுப்பினால் ஒட்டவைக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேஸ்ட்டோடு போய்விட்டன என்று சொன்னேன். அவை மேசைக்கடியில்தான் கிடந்தன.

கந்தப்பன் கம்பெனியை விற்றுவிட்டு அவிநாசிபாளையத்தில் தென்னை வைத்திருக்கிறார். இசக்கிமுத்து ஊருக்குப் போய்விட்டான். அவன் மனைவி நதியா இங்கேயே தைத்து அவனுக்குப் பணம் அனுப்புகிறாள். அந்த முதல் பதிப்பு வேறொருவர் வீட்டிலும் இருந்திருக்கிறது. 2009இல் அதை வைத்து முழுதாக மறுபதிப்பு போட்டார்கள். என் பிரதியில் போன எழுத்துகளை, விபத்துக்கு முன்பே, மனப்பாடத்திலிருந்து நான் எழுதி நிரப்பியிருந்தேன். இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.