நெருப்பெழுத்தில் ஓர் எச்சரிக்கை

கோப்பி தண்ணீராகத்தான் இருக்கிறது, கஜனிப் பிள்ளை, ஆனாலும் சூடு பரவாயில்லை. பொலிசில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே பஸ் ஏறி வந்தேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து நான் போஸ்டர் வரைகிறேன். அறுபதுகளில் அமெரிக்காவில் இசைக் கச்சேரிகளுக்கு ஒட்டினார்களே, எழுத்தெல்லாம் நெருப்பாக வீங்கி, உருகி, செம்மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும், அந்த வகை. இன்றைக்கும் பியர் தகரத்திலிருந்து பிள்ளைகளின் சட்டை வரை அதன் வாரிசுகள்தான். தமிழுக்கு அதை நான் கொண்டுவந்தேன். என்னுடைய ‘ஞ’வைப் பார்த்து இங்கே ரெக்ஸ்டேலில் பாதித் தமிழ்ச் சனத்துக்குத் தலை சுற்றியது. மற்றப் பாதி இன்னும் அதற்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

நிசாந்தன் இசை இரவுகள் நடத்துகிறவர். ஒவ்வொரு முறையும் அதற்கு நான் வரைந்த போஸ்டரின் மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டி, மரண அறிவித்தல் மாதிரிக் கறுப்பில் திகதியும் இடமும் அடித்துவிடுவார்.

“ஆருக்கண்ணை உது விளங்கும்? செத்த ஜெலி மீன் மாதிரிக் கிடக்கு” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் வாடகைக்கு எடுத்த மண்டபம் பழைய தொழிற்சாலையின் மூன்றாம் மாடி. அங்கே சரக்கு லிஃப்ட் பழுது. கதவு திறக்கும், உள்ளே வெறும் குழி. எங்கள் சனம் மட்டுமே வருகிற இடம் என்பதால், தமிழில் ஓர் எச்சரிக்கை எழுதி மாட்டச் சொல்லி மண்டபக்காரர் என்னிடம் கேட்டார். ‘திறக்காதே. உள்ளே குழி’ என்று ஆசை ஆசையாக வரைந்தேன். குறுக்கே கட்டியிருந்த கயிறு எழுத்தை மறைத்தது. அவிழ்த்து வைத்தேன்.

இசை இரவுக்கு முதல் நாள், வேறொருவரும் இல்லாத நேரம், மண்டபத்தில் கிடந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கீழே இறக்கவென்று நிசாந்தன் இழுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணை, லிஃப்ட் வேலை செய்யுதோ?”

“கதவிலை எழுதியிருக்கு. வாசியுங்கோ.”

“உங்கடை எழுத்தை வாசிச்சு முடிய எனக்குப் பென்சன் வந்திடும்.”

கதவைத் திறந்து, பெட்டியை இழுத்தபடி பின்பக்கமாகக் காலை வைத்தார். பெட்டியும் கூடவே போனது.

போஸ்டரைக் கழற்றிக்கொண்டு படியால் இறங்கி, அடித்தளத்து லிஃப்ட் கதவைத் திறந்தேன். அவருடைய தொடையெலும்பு காற்சட்டையைக் கிழித்து வெளியே வந்திருந்தது. நெஞ்சின் மேல் பெட்டி.

“அம்புலன்சுக்கு அடியுங்கோ அண்ணை.”

“முதல்லை வாசியுங்கோ” என்று முகத்துக்கு நேரே பிடித்தேன்.

பிழையாக வாசித்தபோதெல்லாம் பெட்டியில் ஒரு காலை வைத்துக் கொஞ்சம் அழுத்தினேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக முறிவது கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை. இந்த எழுத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், அதுதான் அதன் அழகு. வாயில் நுரைத்த இரத்தத்துக்கு நடுவே, கடைசியில், முழுவதையும் சொன்னார். ஓர் ஒற்றெழுத்துக்கூட விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு இரண்டு காலாலும் பெட்டியில் ஏறி, மூச்சு அடங்கும் வரை நின்றேன். போஸ்டரைத் துடைத்து மறுபடி கதவில் மாட்டினேன்.

நீங்கள் ‘விபத்து. எச்சரிக்கை வாசிக்க முடியாதபடி இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘விபத்து’ என்பதை வெட்டிவிட்டு, ‘கொலை’ என்று போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அவர் வாசித்தார், பிள்ளை. அதற்கு நானே சாட்சி.