இரவல் ஃபேக்டரி

இளைய சகலை: காலையில ரெண்டே மணி நேரம் சகல. வெளிநாட்டு வியாபாரி பத்துக்கு வருவாரு, பன்னெண்டுக்குக் கிளம்பிடுவாரு.

மூத்த சகலை: என் ஃபேக்டரிய உங்களுதுன்னு காட்டணுமாக்கும்?

இளையவர்: சேச்சே... அவரா அப்படி நெனச்சுக்கிட்டா நான் தடுக்க மாட்டேன்.

மூத்தவர்: வாசல்ல என் போர்டு தொங்குதே?

இளையவர்: அளவெடுத்துட்டேன். என்னோடத மேல மாட்டினா கச்சிதமா மறைஞ்சிரும்.

மூத்தவர்: அடப்பாவி! எப்போ...

இளையவர்: போன வாரம் டீ குடிக்க வந்தேன்ல?

மூத்தவர்: நானும் இதே துணிக் கிளிப்பத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புறேன். போட்டிக்காரனுக்கே மிஷின இரவல் குடுக்கணுமா?

இளையவர்: என்ன போட்டி? உங்களுக்குப் பன்னெண்டு மிஷின், மூணு நாட்டு ஆர்டர். எனக்கு ரெண்டே மிஷின். அதுலயும் ஒண்ணு வெள்ளிக்கிழமைன்னா மக்கர் பண்ணும்.

மூத்தவர்: அப்ப உள்ளூர்லயே வித்துட்டுப் போங்களேன்.

இளையவர்: யார் வாங்குறா? வெளிநாட்டுக் கிளிப் பாதி விலைக்கு வந்து இறங்கிடுச்சு. இந்த ஆர்டர் வரலன்னா அடுத்த மாசம் ஷெட்ட மூடணும் சகல. விளையாட்டுக்குச் சொல்லல. வேலை பாக்குற எட்டுப் பேர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

மூத்தவர்: அந்த ஆளு... நெட்டையா இருப்பாரா? கிளிப்பக் குடுத்தா தன் காதுல மாட்டிப் பாப்பாரா?

இளையவர்: ஆமா! நான் அனுப்புன சாம்பிள வீடியோ கால்லயே மாட்டிக்கிட்டாரு. உங்களுக்கு எப்படி...

மூத்தவர்: போன மாசம் எங்கிட்டயும் வந்தாரு.

இளையவர்: போச்சுடா! உங்க ஃபேக்டரிய ஏற்கனவே பாத்துட்டாரா?

மூத்தவர்: மூலை முடுக்கெல்லாம். என் கிளிப்ப மாட்டி ஒரு நிமிஷத்துல காது தக்காளியாட்டம் சிவந்திருச்சு. “வேற யூனிட் இருக்கா”ன்னு கேட்டாரு.

இளையவர்: உங்களுக்கு ஏது வேற யூனிட்?

மூத்தவர்: இருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்... அன்னிக்கு நீங்க ஊர்ல இல்ல. உங்க மேஸ்திரி நல்ல மனுஷன், சாவி குடுத்தாரு.

இளையவர்: என் ஷெட்டையா! உங்க யூனிட்டுன்னா காட்டுனீங்க?

மூத்தவர்: கோவப்படாதீங்க. உங்க கிளிப்ப மாட்டினவரு, கார் ஏறுற வரைக்கும் கழட்டவே இல்ல.

இளையவர்: நெசமாவா?... இருங்க, இருங்க. வந்ததுலேர்ந்து நானே பேசிட்டிருக்கேன். நீங்க எதுக்கு வந்தீங்க?

மூத்தவர்: ஆர்டர் போட்டா அந்தச் சின்ன யூனிட்லதான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு சகல... உங்க ஷெட்ட இரவல் கேக்கத்தான் நான் வந்தேன்.